ஒன்பது மீட்டர் கடன்

ஒரே காரியத்தை இரண்டு பேர் செய்கிறார்கள். ஒருத்தர் தப்பித்துவிடுகிறார். இன்னொருத்தர் மாட்டிக்கொள்கிறார். தப்பித்தவரைத் 'தைரியசாலி' என்கிறோம். மாட்டிக்கொண்டவரைப் பார்த்து, 'இவனுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை?' என்கிறோம்.

இது நியாயமா?

சின்ன விஷயங்களில் இதைக் கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். அதனால் கொஞ்சம் பெரிய இடத்துக்குப் போவோம். ஆஸ்திரியாவில் ஒரு பனிமலை உச்சிக்கு.

தேதி 1976 பிப்ரவரி 5. இன்ஸ்ப்ரூக் நகரத்தை ஒட்டிய பாட்ஷர்கோஃபல் மலை. குளிர்கால ஒலிம்பிக்ஸில் ஆண்களுக்கான 'டவுன்ஹில்' பனிச்சறுக்குப் பந்தயம்.

நம் ஊரில் பனி என்றால் மார்கழி மாதத்துப் பனிதான். அதனால் இந்த விளையாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆள் உயரத்தைவிட நீளமான இரண்டு பலகைகளைக் காலில் பூட்டிக்கொண்டு, மலை உச்சியிலிருந்து சறுக்கிக் கீழே வர வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப மாட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக இறங்குவார்கள். கடிகாரம்தான் எதிராளி. ஒரே ஒரு சான்ஸ். 'இன்னொரு தடவை ட்ரை பண்றேன்' என்ற பேச்சே கிடையாது.

அன்றைய பாதையின் நீளம் சுமார் 3 கிலோமீட்டர். உயரத்தில் 870 மீட்டர் இறக்கம். சராசரி வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல். இன்ஜின் இல்லை, சீட் பெல்ட் இல்லை. பலகையின் ஓரத்தைப் பனியில் அழுத்தினால் வேகம் குறையும். ஆனால், வேகம் குறைந்தால் தோற்றுப்போவீர்கள். எந்த அளவுக்குப் பயத்தை அடக்கிக்கொண்டு அழுத்தாமல் இருக்கிறீர்களோ, அந்த அளவுக்கு ஜெயிக்க வாய்ப்பு. அவ்வளவுதான் விளையாட்டு.

அன்று ஆஸ்திரியாவே ஒரே ஒருவரை நம்பிக் காத்திருந்தது. ஃப்ரான்ஸ் கிளாமர். வயது 22. கரிந்தியா மாநிலத்தில் ஒரு மலைக் கிராமத்து விவசாயி வீட்டுப் பிள்ளை. முந்தைய சீஸனில் உலகக் கோப்பைக்காக நடந்த 9 டவுன்ஹில் பந்தயங்களில் எட்டில் ஜெயித்தவர். சொந்த நாட்டில் ஒலிம்பிக்ஸ். மலையடிவாரத்தில் பல்லாயிரம் பேர். ஜெயித்தால் 'எதிர்பார்த்ததுதானே' என்பார்கள். தோற்றால் ஆயுசுக்கும் கேட்பார்கள். இந்த மாதிரி நிலைமையை எதிரிக்குக்கூட விரும்பக் கூடாது.

அவருக்கு முன்பே ஸ்விட்சர்லாந்தின் பெர்ன்ஹார்ட் ரூஸி இறங்கிவிட்டார். 1972 ஒலிம்பிக்ஸில் தங்கம் வாங்கியவர். அவருடைய நேரம் 1 நிமிடம் 46.06 விநாடி. அற்புதமான ஓட்டம்.

கிளாமரின் முறை வந்தது. மஞ்சள் உடையில் பாய்ந்தார். பாதி வழியில் கடிகாரம், அவர் ரூஸியைவிடப் பின்தங்கியிருப்பதைக் காட்டியது. அதன் பிறகு அவர் இறங்கியதை 'சறுக்கினார்' என்று சொல்வதே தப்பு. விழுந்துகொண்டே வந்தார்... ஆனால், விழவில்லை. அந்தப் படக்காட்சி இன்றும் இருக்கிறது, பார்க்கலாம். கைகள் இரண்டும் காற்றைத் துழாவுகின்றன. ஒரு கால் தரையில், ஒரு கால் ஆகாயத்தில். 'அய்யோ, போச்சு' என்று நாம் நினைக்கிற ஒவ்வொரு இடத்திலும் எப்படியோ நிமிர்ந்துகொள்கிறார்.

1 நிமிடம் 45.73 விநாடி. தங்கம்!

ரூஸிக்கும் அவருக்கும் வித்தியாசம் 0.33 விநாடி. கண்ணைச் சிமிட்டுகிற நேரம். அவர் வந்த சராசரி வேகத்தில் கணக்குப் போட்டால் சுமார் ஒன்பது மீட்டர். நம் டவுன் பஸ் ஒன்றின் நீளம்கூட இல்லை. மூன்று கிலோமீட்டர் தூரத்தில் அந்த ஒன்பது மீட்டர்தான் அவரை ஒரு தேசத்தின் செல்லப்பிள்ளை ஆக்கியது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம்.

அந்த நாலைந்து இடங்களில் ஏதோ ஒன்றில், பலகை ஓர் அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால்? கிளாமர் எடுத்த முடிவு அதேதான். அவர் தைரியமும் பயிற்சியும் அதேதான். எதுவும் மாறவில்லை. ஆனால், மறுநாள் நாம் என்ன சொல்லியிருப்போம்? 'நிதானம் வேணாமா? வெள்ளி மெடல் கையில் இருந்ததே. பேராசை!' இதைத்தானே?

செய்த காரியம் ஒன்று. அதற்குப் பாராட்டா, திட்டா என்பதை ஓர் அங்குலப் பனி தீர்மானிக்கிறது.

இது வெறும் கற்பனை இல்லை. அதே மலைக்கு இன்னொரு கதையும் உண்டு.

1964-லும் இன்ஸ்ப்ரூக்கில்தான் குளிர்கால ஒலிம்பிக்ஸ். போட்டிகள் தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, இதே பாட்ஷர்கோஃபல் மலையில் பயிற்சி ஓட்டம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த ராஸ் மில்ன் என்ற 19 வயதுப் பையன் பாதையிலிருந்து விலகி, மரத்தில் மோதி இறந்துபோனான். பனியே அபூர்வமான நாட்டிலிருந்து அத்தனை தூரம் வந்த பையன்.

அவனுக்கு ஒரு தம்பி, மால்கம். அண்ணனைக் கொண்டுபோன விளையாட்டை விட்டு அந்தத் தம்பி ஓடியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஓடவில்லை. 1969 டிசம்பரில் பிரான்ஸின் வால் டிஸேரில் உலகக் கோப்பை டவுன்ஹில்லில் ஜெயித்தார். 1970 உலக சாம்பியன்ஷிப்பில் வெண்கலம் வாங்கினார். அன்று தங்கம் வாங்கியவர், மேலே சொன்ன அதே பெர்ன்ஹார்ட் ரூஸி.

ஒரே வீடு, ஒரே ரத்தம், ஒரே துணிச்சல். ஒருவருக்கு மேடை, ஒருவருக்கு மரம். இதில் 'யார் தகுதியானவர்?' என்ற கேள்வியை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கிளாமர் வீட்டுக்கும் அந்த நாள் வந்தது. தங்கம் வாங்கிய மறு வருஷம், 1977. அண்ணனைப் போலவே டவுன்ஹில்லுக்கு வந்த தம்பி, ஒரு பந்தயத்தில் விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. அதன் பிறகு சக்கர நாற்காலிதான்.

கொஞ்ச நேரம் அந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். கூடத்தில் அண்ணனின் தங்கப் பதக்கம். பக்கத்திலேயே தம்பியின் சக்கர நாற்காலி. இரண்டும் ஒரே விளையாட்டு கொடுத்தவை. அந்த அம்மா எதைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்?

அடுத்த ஒரு சீஸன் கிளாமர் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு சறுக்கல். இந்தச் சறுக்கல் பனியில் இல்லை. சில வருஷங்கள் ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்க முடியவில்லை. தம்பியின் விபத்து மனசை உடைத்தது என்பார்கள். பலகை கம்பெனியை மாற்றியதும் காரணம் என்பார்கள். 1980 ஒலிம்பிக்ஸுக்கான ஆஸ்திரிய அணியில் அவருக்கு இடமே கிடைக்கவில்லை. அந்த வருஷம் டவுன்ஹில்லில் தங்கம் வாங்கியவர், முதலில் ரிசர்வ் ஆளாக இருந்த லியோன்ஹார்ட் ஸ்டாக் என்ற இன்னொரு ஆஸ்திரியர். அதிர்ஷ்டம் எந்தக் கதவைத் தட்டும் என்று அதற்கே தெரியாது போலிருக்கிறது!

இங்கே கொஞ்சம் தத்துவம் பேசலாம். பயப்படாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

கிளாமர் ஜெயித்த அதே 1976-ல் இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் 'மாரல் லக்' என்ற ஒரே தலைப்பில் ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். இங்கிலாந்தின் பெர்னார்ட் வில்லியம்ஸ் ஒருவர், அமெரிக்காவின் தாமஸ் நேகல் இன்னொருவர். பனிச்சறுக்கு பற்றி எழுதவில்லை. ஆனால், நம் கேள்வியைத்தான் கேட்டார்கள்: ஒரு மனுஷன் நல்லவனா கெட்டவனா, செய்தது சரியா தப்பா என்பதைக்கூட அதிர்ஷ்டம் தீர்மானிக்குமா?

நேகல் சொல்லும் உதாரணம் ஒரு லாரி டிரைவர். கவனக்குறைவாக இருந்துவிடுகிறார். வழியில் ஒரு குழந்தை குறுக்கே வந்துவிடுகிறது. அவர் வாழ்க்கை முழுக்க அது குற்றம். அதே கவனக்குறைவோடு வண்டி ஓட்டிய இன்னொருவர் முன்னால் எந்தக் குழந்தையும் வரவில்லை. அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். இரண்டு பேரும் செய்த தப்பு ஒன்றுதானே?

வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டது ஓவியர் காகின் கதை. பெண்டாட்டி பிள்ளைகளை விட்டுவிட்டு, ஓவியம் வரைவதற்காக தாஹிதி தீவுக்குப் போனவர். பெரிய ஓவியர் ஆகிவிட்டார். அதனால், 'கலைக்காகத் தியாகம் செய்தார்' என்கிறோம். ஓவியம் தேறாமல் போயிருந்தால்? 'குடும்பத்தை நடுத்தெருவில் விட்டவன்' என்று ஒரே வரியில் முடித்திருப்போம். கிளம்புகிற நாளில் அவருக்கே தெரியாது, தான் எந்த வரிக்குச் சொந்தக்காரன் என்று.

'அப்படியானால் எல்லாம் விதிதானா? உழைப்புக்கு மதிப்பே இல்லையா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது.

அப்படிச் சொல்லவில்லை. வள்ளுவர் 'ஊழ்' என்று ஓர் அதிகாரம் எழுதினார். 38-வது. அதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்துவிடவில்லை. 62-வது அதிகாரத்தில் 'ஆள்வினையுடைமை' என்று முயற்சியைப் பற்றியும் பத்துக் குறள் எழுதினார். ஒன்றுக்காக இன்னொன்றை அவர் அழிக்கவில்லை. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு வாழப் பழகு என்று விட்டுவிட்டார்.

கிளாமர் இடத்தில் நீங்களோ நானோ நின்றிருந்தால், எத்தனை கோடி அதிர்ஷ்டம் இருந்தாலும் முதல் வளைவைத் தாண்டியிருக்க மாட்டோம். அந்தக் கால்களும் அந்தக் கண்ணும் வருஷக்கணக்கான உழைப்பு. உழைப்பு அவரை ஜெயிக்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. உழைப்பு அதைத்தான் செய்யும். மீதியிருந்த ஒன்பது மீட்டரில் உழைப்பு எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று கிளாமராலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

நம் வீடுகளில் நடப்பதைப் பாருங்கள். வேலையை விட்டுவிட்டு, நகையை அடகு வைத்து, இரண்டு சகோதரர்கள் ஆளுக்கொரு கடை போடுகிறார்கள். ஒருவர் கடை வாசலில் பஸ் ஸ்டாப் வருகிறது. இன்னொருவர் கடை வாசலில் பாலம் கட்டப் பள்ளம் தோண்டிவிடுகிறார்கள். பத்து வருஷம் கழித்துக் கல்யாண வீட்டில் என்ன பேச்சு? 'பெரியவன் கெட்டிக்காரன்ப்பா. சின்னவனுக்குத்தான் புத்தி பத்தாது.' அந்தப் பள்ளத்தை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பெரியவரே மறந்துவிட்டார் என்பதுதான் கொடுமை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. குடித்துவிட்டு பைக்கில் வீடு வந்து சேர்ந்தவர், 'நமக்கு ஒண்ணும் ஆகலையே' என்கிறார். ஆகவில்லை, சரி. அதனால் அவர் செய்தது சரியாகிவிடுமா? யாரும் குறுக்கே வராததற்கு அவர் என்ன முயற்சி எடுத்தார்? தப்பித்தது ஒரு யோக்கியதைச் சான்றிதழ் இல்லை. அது ஒரு ரசீது. 'இந்தத் தடவை உன்னிடம் வசூலிக்கவில்லை' என்று எழுதிக் கொடுத்த ரசீது.

'அப்ப பனிச்சறுக்குக்காரரும் குடித்துவிட்டு ஓட்டுகிறவரும் ஒண்ணா?' இல்லவே இல்லை. பனியில் இறங்குகிறவர் பணயம் வைப்பது தன் உடம்பை. ரோட்டில் போகிறவர் பணயம் வைப்பது, அவரிடம் சம்மதமே சொல்லாத யாரோ ஒருவரின் உயிரை. இந்த வித்தியாசம் பெரியது.

ஆனால், 'தன் உடம்பு' என்று நாம் சொல்வது எவ்வளவு தூரத்துக்கு ஒருவருக்குத் தனிச் சொத்து?

உல்ரிக்கே மையர் என்று ஆஸ்திரியாவிலேயே ஒரு வீராங்கனை இருந்தார். 1989-ல் கர்ப்பிணியாக இருந்தபோதே 'சூப்பர் ஜி' பனிச்சறுக்கில் உலக சாம்பியன் ஆனார். மகள் பிறந்த பிறகு 1991-ல் மறுபடியும் சாம்பியன். 1994 ஜனவரியில் ஜெர்மனியின் கார்மிஷ் பாதையில் டவுன்ஹில் பந்தயத்தில் விழுந்து இறந்துபோனார். குழந்தைக்கு அப்போது நாலு வயசு.

இதைப் படித்தவுடன், 'ஒரு அம்மா இப்படிச் செய்யலாமா?' என்று உங்கள் மனசில் ஒரு கேள்வி எழுந்ததா? பலருக்கும் எழும். சரி, இரண்டு முறை ஜெயித்தபோது இந்தக் கேள்வி எங்கே போயிருந்தது? அப்போதும் அவர் அம்மாதானே? பிள்ளை குட்டிக்காரர்களான ஆண்கள் இதே மலையில் வருஷா வருஷம் இறங்குகிறார்களே, அவர்களைப் பார்த்து 'ஒரு அப்பா இப்படிச் செய்யலாமா?' என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நாம் நியாயம் கேட்பதாக நினைத்துக்கொண்டு, பல நேரம் முடிவைத்தான் வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என்னைக் கேட்டால், ஒருவர் எடுத்த முடிவை, அதை எடுத்த நேரத்தில் அவருக்குத் தெரிந்திருந்ததை வைத்துத்தான் எடைபோட வேண்டும். யோசித்தாரா, தயாரானாரா, வேறு யாரையாவது கேட்காமல் பணயம் வைத்தாரா? இந்த மூன்றுக்கும் பதில் சரியாக இருந்தால், விழுந்தவருக்கும் ஜெயித்தவருக்கும் ஒரே மரியாதைதான். பதில் தப்பாக இருந்தால், ஜெயித்தவருக்கும் கைதட்டல் கிடையாது. கஷ்டமான விதிதான். கைதட்ட ஆரம்பித்த கை பாதியில் நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

ஜெயித்தவருக்கு மட்டும் இன்னொரு வேலை கூடுதலாக இருக்கிறது.

கிளாமர் திரும்பி வந்தார். 1981 டிசம்பரில் வால் டிஸேரில் மறுபடி ஜெயித்தார். 1983-ல் டவுன்ஹில் சாம்பியன் கோப்பையை ஐந்தாவது முறையாக வாங்கினார். 1985-ல் ஓய்வு. உலகக் கோப்பை டவுன்ஹில்லில் அவருடைய 25 வெற்றிகள் என்ற சாதனையை எந்த ஆணும் இன்னும் தாண்டவில்லை. தம்பி சக்கர நாற்காலியில் இருக்க, அண்ணன் மறுபடி மலை ஏறியது சரியா? அந்த வீட்டுக்குள் பேசித் தீர்த்த விஷயம் அது. நாம் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. ஆனால், பிற்பாடு அவர் செய்த ஒரு காரியத்தைப் பார்க்கலாம். விளையாட்டில் படுகாயம் அடைந்து முடங்கிப்போனவர்களுக்கு உதவ, தன் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 'நான் நின்ற இடத்தில் நீ விழுந்தாய். நமக்குள் இருப்பது ஓர் அங்குலம்' என்பதைப் புரிந்துகொண்டவர் செய்கிற காரியம் அது.

ஒன்பது மீட்டரில் தோற்றாரே ரூஸி, அவர் என்ன செய்தார் தெரியுமா? டவுன்ஹில் பாதைகளை வடிவமைப்பவர் ஆனார். 1992 ஒலிம்பிக்ஸில் ஆரம்பித்து 2022 பெய்ஜிங் வரைக்கும் பல ஒலிம்பிக்ஸ் பாதைகள் அவர் கை பட்டவை. எங்கே வளைவு வைப்பது, எங்கே தாவ விடுவது, விழுந்தால் எங்கே போய் நிற்பான் என்றெல்லாம் யோசிப்பது அந்த வேலை. இன்று பாதை ஓரங்களில் அடுக்கடுக்காகப் பாதுகாப்பு வலைகள் இருக்கின்றன. உடைக்குள் விரிகிற ஏர்பேக்கூட வந்துவிட்டது. இவ்வளவு இருந்தும் ஆபத்து போகவில்லை. 2017-ல் பிரான்ஸின் டேவிட் பொய்ஸன் பயிற்சியின்போதே இறந்தார். அதிர்ஷ்டத்தை யாராலும் ஒழிக்க முடியாது. ஆனால், துரதிர்ஷ்டம் வாங்குகிற விலையைக் குறைக்க முடியும். ராஸ் மில்ன் மோதிய மரத்துக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு வலை இருந்திருந்தால் என்று யோசித்துப் பாருங்கள்.

ஜெயித்தவரின் கடன் என்று நான் சொல்வது இதைத்தான். அடக்கமாகப் பேசுவது மட்டும் கடனை அடைக்காது. 'எல்லாம் ஆண்டவன் செயல்' என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்குவது சுலபம். விழுந்தவனுக்குக் கை கொடுப்பதும், அடுத்து வருகிறவனுக்கு வலை கட்டுவதும்தான் வட்டியும் அசலும்.

நீங்களும் நானும் ஒலிம்பிக்ஸில் ஜெயிக்கவில்லை. ஆனால், ஏதோ ஒரு பஸ் நீள வித்தியாசத்தில் எங்கோ ஜெயித்திருப்போம். கட்-ஆஃபில் அரை மார்க்கில் சீட் கிடைத்திருக்கும். இன்டர்வியூவுக்கு நமக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் நம்மைவிடக் கெட்டிக்காரராக இருந்திருப்பார், அன்றைக்கென்று அவருக்குக் காய்ச்சல் வந்திருக்கும். சிக்னலை மீறிய ஒரு ராத்திரியில் எதிரே லாரி வராமல் இருந்திருக்கும்.

ஒரு பேப்பரை எடுத்து அந்த இடங்களை எழுதிப் பாருங்கள். நாலைந்தாவது நிச்சயம் தேறும். எழுதி முடித்ததும், அதே இடங்களில் விழுந்துவிட்ட யாரோ ஒருவர் உங்கள் தெருவிலோ, உங்கள் குடும்பத்திலேயோ நினைவுக்கு வருவார். இத்தனை நாளும் 'அவனுக்கு சாமர்த்தியம் பத்தாது' என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த ஆள்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு ஒருமுறை போய்விட்டு வாருங்களேன். அறிவுரை எதுவும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.